ஏரியிலிருந்து கடல் வரை ஒரு கோடு

மதியம் ஒரு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்பதற்காகக் கௌசிகன் அந்த வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டிருந்தான்.

ஆக்லாந்தின் ஒனிஹங்காப் பகுதியில் அவன் இருந்த வீடு பழையது. பால் காய்ச்ச வேண்டியது அந்த வீட்டுக்காக அல்ல. அவனுடைய மனைவி லோஜனா பசிபிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆஸ்டோரியா என்னும் சிறு பட்டணத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். பழைய வரைபடங்களைச் செப்பனிடும் வேலைக்கென்று போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. இதுவரை யாரோ ஒரு கிழவியின் வீட்டில் ஓர் அறை. இப்போது தனி வீடு. அந்தச் செய்தி அதே நகரின் இன்னொரு கோடியில், பாபகூராவில் இருக்கும் கௌசிகனின் அம்மா யோகராணியின் காதுக்கு எட்டியதும்தான் பால் விஷயம் கிளம்பியது.

"புது வீட்டுக்குள்ள அவள் தனிய நிண்டு பால் காய்ச்சிறதோ? புருசன் உயிரோட இருக்கேக்கை?"

"அம்மா, அது வாடகை வீடு."

"வாடகை வீடெண்டால் அடுப்பு இல்லையோ?"

அவன் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அம்மாவின் பழக்கம்.

"போனை முன்னால வைச்சுக்கொண்டு நீ இஞ்ச காய்ச்சு, அவள் அங்க காய்ச்சட்டும். ரெண்டும் ஒரே நேரம் பொங்கவேணும். ஊரில ஐயரிட்டக் கேட்டுப்போட்டன். வியாழன் காலமை ஆறரை, கொழும்பு நேரம். குருவின்ர நாள். வியாழன் எண்டால் வியாழன்தான், சொல்லிப்போட்டன்."

கௌசிகன் வீதிகளை வடிவமைப்பவன். வளைவும் சரிவும் கணிப்பது அவனுடைய தொழில். ஒரு தாளில் வியாழன் என்று பெரிதாக எழுதி, அதன் கீழே கோடு போட்டு, கொழும்பு காலை ஆறரை, ஆக்லாந்து பகல் ஒன்று, ஆஸ்டோரியா மாலை ஆறு என்று மூன்று வரிகள் எழுதினான். மூன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தான். தாளைப் படமெடுத்து லோஜனாவுக்கு அனுப்பினான். "ஓம். வீட்டுக்குள்ள போறது நான்தானே. நானே போன் எடுக்கிறன்" என்று பதில் வந்தது.

ஒரு மணி ஆயிற்று. புதுப் பாத்திரத்தில் பால் இருந்தது. போன் சீனி டப்பாவில் சாய்ந்து நின்றது. ஒன்று பத்துக்குப் பால் பொங்கி வழிந்தது. அடுப்பை நிறுத்தினான். ஒன்று நாற்பது வரை போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. அவன் அழைப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவளே எடுக்கிறேன் என்று சொன்ன பிறகு தான் எடுப்பது கெஞ்சுவதுபோல இருக்கும் என்று அவனுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அவனுக்குள் எப்போதும் ஏதோ ஒன்று அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவனுக்கு வெளிவேலை. வீதி வெட்டும் இடத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குத் திறந்து பார்த்தபோது லோஜனாவிடமிருந்து ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. நேற்று மறந்ததற்கு இன்றைக்குச் சமாதானம் சொல்லப் பார்க்கிறாள் என்று நினைத்தான். "வேலை. பிறகு கதைப்பம்" என்று எழுதினான். "ஓம்" என்று வந்தது.

அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை.

கதைக்கவில்லையே தவிர, ஒவ்வொரு நாளும் ஒரு படம் வந்தது. அதில் ஒரு சொல்லும் இருக்காது.

அவள் அங்கே செப்பனிட்டுக்கொண்டிருந்தது ஒரு பாதையின் வரைபடம். அந்தப் பாதை போடப்படவே இல்லை. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் நியூயார்க் வணிகர் ஒருவர் சீனாவுக்குக் கப்பலில் போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பினார். திரும்பியவர், மிச்சிகன் ஏரிக் கரையிலிருந்து பசிபிக் கரை வரைக்கும் ஓர் இரும்புப் பாதை போடவேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரசுக்கு மனுக் கொடுத்தார். அப்போது அந்த வழியில் பாதியை வெள்ளைக்காரர் யாரும் அளந்துகூடப் பார்த்திருக்கவில்லை. பாதையின் நெடுகிலும் அறுபது மைல் அகலத்துக்கு நிலம் தாருங்கள், அதை விற்று விற்றே பாதையைப் போட்டு முடிக்கிறேன் என்றார். அவருக்கு முன்பும் இந்த எண்ணம் சிலருக்கு வந்திருந்தது. ஒரு சிற்றூர்ப் பத்திரிகையில் பெயரில்லாமல் யாரோ எழுதியிருந்தார்கள். இரும்பு வேண்டாம், மாட்டுவண்டிப் பாதையும் இடையிடையே காவல் நிலையங்களும் போதும் என்று வேறு சிலர் சொன்னார்கள். காங்கிரஸ் எல்லாவற்றையும் வாசித்தது, குழு அமைத்தது, பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தது. வணிகர் தம் கைப்பணத்தை இறைத்து ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பிற்பாடு பாதை வந்தபோது வேறு வழியாக வந்தது, வேறு ஆட்கள் போட்டார்கள்.

இதெல்லாம் லோஜனா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அந்த மனுவை வாசித்து மயங்கிய யாரோ ஒருவர் கையால் வரைந்த படம் அது. கீழே பெயர் இல்லை. பல வருடம் மடித்தே கிடந்ததால் மடிப்புகளில் கிழிந்து இருபத்துநாலு துண்டுகளாகிவிட்டது. அவள் கோதுமைப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் கதைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஏரிப் பக்கத்துத் துண்டுகளைக் காட்டி, "இஞ்ச பாருங்கோ, ரூல் வைச்சுக் கோடு இழுத்திருக்கிறார். ஆறு வந்தாலும் நேர்க்கோடு" என்று சிரித்தாள்.

"மலை வருமே. மலைக்கு என்ன செய்தவர்?"

"மலை இருக்கிற இடம் வெறும் தாள். ஒண்டும் கீறேல்லை."

"அப்ப சரிவு எப்பிடிக் கணிச்சவராம்?"

"உங்களுக்குச் சரிவுதான் கவலை. அந்த இடமெல்லாம் ஆக்கள் இருந்தவை. அவையிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை எண்டுதான் எனக்குக் கவலை."

நல்ல பதில் ஒன்று கிடைக்கும்வரை பேசாமல் இருப்பது அவன் வழக்கம். பல சமயம் பதில் கிடைக்கும்போது கேட்டவர் எழுந்து போயிருப்பார்.

இப்போது சொல்லில்லாமல் வரும் படங்களில் கோடு மெல்ல மேற்கே நகர்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு துண்டு. காலையில் எழுந்ததும் போனைத் திறந்து அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தான். புல்வெளி முடிந்து வெறும் தாள் தொடங்கியது. வெறும் தாளிலும் கோடு தளராமல் போனது. மங்கிய தவிட்டு நிற மை, தலைமயிர் அளவு மெல்லியது. அதன் இரு பக்கமும் அறுபது மைலைக் காட்டும் புள்ளிக் கோடுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அறையின் சத்தங்கள் அடங்கிவிடும். கெட்டில் கொதித்து நின்றிருக்கும். பஸ் போயிருக்கும். அவன் ஒருவருமில்லாத ஒரு வெளியில், இன்னும் போடப்படாத ஒரு வீதியின் நடுவே நின்றுகொண்டிருப்பான்.

பின்னேரங்களில் அவன் மனுகாவ் கரைக்கு நடந்தான். வற்று நேரத்தில் கடல் வெகு தூரம் போய்விடும். சாம்பல் நிறச் சேறு மட்டும் மினுங்கிக்கொண்டு கிடக்கும். சேற்றுக்கு மேலே மாரிக்கால மூட்டம். அதற்குள் நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்துக் கடல் அது. லோஜனா இருப்பதும் மேற்குக் கரை. இரண்டு மேற்குக் கரைகளுக்கும் இடையில் ஒரு வீதி போட்டால் எப்படிப் போகும் என்று அவன் யோசித்தான். கடல்மட்டத்தில் போகும், ஏற்றமில்லை, இறக்கமில்லை. வடகிழக்கே ஒரே கோடு. எங்கேயும் வளைக்கத் தேவையில்லை. வழியில் ஒருவருமில்லை, ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்த வீதியில் அவன் நெடுநேரம் நடந்தான். அலையில்லாத நீர் இரு பக்கமும் அசையாமல் நின்றது. வீதியின் மறுகோடியில் ஒரு வெளிச்சம், ஒரு வீட்டு யன்னலாக இருக்கலாம். எவ்வளவு நடந்தும் அது அதே அளவிலேயே இருந்தது.

பதினெட்டாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலும் சொல் இல்லை. அவளுடைய வேலை ஒப்பந்தத்தை மட்டும் அனுப்பியிருந்தாள். மூன்று வருடத்துக்கு நீட்டிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

அதை ஏழெட்டுத் தடவை வாசித்தான். போன தடவை, அவள் போவதற்கு முன், ஒன்றரை வருட ஒப்பந்தம் வந்தபோது, "நான் என்ன செய்ய?" என்று அவள் கேட்டாள். "உம்மட விருப்பம்" என்றான். பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அவள் நெடுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றாள். இப்போது மூன்று வருடம். மூன்று வருடம் என்றால் திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை. அவள் கேட்கக்கூட இல்லை. பால் காய்ச்சுவதற்கே வராதவள் ஏன் கேட்கப்போகிறாள் என்று எண்ணி, அந்த எண்ணத்தைக் கையில் கல் வைத்திருப்பதுபோல வைத்திருந்தான்.

இருபதாம் நாள் வந்த துண்டில் கொலம்பியா ஆறு கடலில் விழும் இடம் இருந்தது. கோடு அங்கே நின்றுவிட்டது. அதற்கப்பால் வரைந்தவர் நீல மையில் சில அலைகள் போட்டிருந்தார்.

இருபத்தோராம் நாள் படம் வரவில்லை.

அன்று வியாழன். அலுவலகச் சாப்பாட்டறையில் கௌசிகன் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தான். எதிரே செல்வராஜ். திருநெல்வேலிக்காரன், வாய் ஓயாதவன். டல்லசில் இருக்கும் அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டான். பேசி முடித்துப் போனைக் கவிழ்த்தான்.

"திட்டிட்டா பாஸ். நாளைக்கு அவளுக்குப் பொறந்தநாள், பத்தாம் தேதி. இங்க இன்னைக்கே பத்தாம் தேதிதானேன்னு வாழ்த்துச் சொன்னேன். 'அடேய், எனக்கு இன்னும் ஒம்பதாம் தேதிடா, முன்கூட்டி வாழ்த்தினா ஆயுசு குறையும்'ங்கறா. வருஷா வருஷம் இதே கதை."

"ஒன்பதோ?"

"ஆமா. நமக்கு வியாழன் மத்தியானம், அவளுக்குப் புதன் ராத்திரி, தோசை ஊத்திட்டிருக்கா. அமெரிக்கா நமக்கு நேத்து பாஸ். உங்க வைஃப் அங்கதான இருக்காங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரியும். பதினாலு மாதமாகத் தெரியும். திங்கள் காலையில் கதைக்கும்போது அவளுக்கு ஞாயிறு மத்தியானம் என்பது அவனுக்கு உள்ளங்கைபோலத் தெரியும். ஆனால் ஐயர் வைத்த நாளை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மணியைத்தான் மாற்றினான். வியாழனை மாற்றவில்லை. குருவின் நாள், அம்மா சொன்ன நாள், அதை யாரும் தொடக்கூடாது என்பதுபோல மேலே எழுதிக் கோடு போட்டுவைத்தான். ஆக்லாந்தில் வியாழன் ஒரு மணி அடித்தபோது ஆஸ்டோரியாவில் புதன் மாலை ஆறு மணி. அவளுக்குப் பால் காய்ச்ச இன்னும் ஒரு நாள் இருந்தது. அவளுடைய வியாழன் ஆறு மணிக்கு இங்கே வெள்ளி பகல் ஒரு மணி.

ஏழு அழைப்புகள்.

அவள் புது வீட்டில் தனியே பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஏழு தடவை அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். நாலு மணித்தியாலம் கழித்து "வேலை" என்று அவன் எழுதியிருக்கிறான்.

பாணை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"என்ன பாஸ், சாப்பிடலையா?"

"இல்லை. ஒரு பிழை விட்டுட்டன்."

"டிராயிங்லயா?"

"ஓம். அப்பிடித்தான்."

அலுவலகத்திலிருந்து கரை பத்து நிமிட நடை. அவன் ஓடவில்லை, ஆனால் மூச்சு வாங்கியது. பெருக்கு நேரம். சேற்றின் மேல் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கல் வாங்கில் உட்கார்ந்து, பெரிதாக எதையும் யோசித்துக்கொள்வதற்குள் அவளுடைய எண்ணை அழுத்தினான்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். முகம் வரவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"ம்."

"லோஜனா, அண்டைக்கு நான் நாளைப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"தெரியும்."

"தெரியுமோ? எப்ப தெரியும்?"

"அடுத்த நாளே. மாமி போன் எடுத்து, 'பால் எந்தப் பக்கம் பிள்ளை பொங்கினது, கிழக்கோ வடக்கோ' எண்டு கேட்டவ. அவன் வியாழன் லீவு போட்டவன் எண்டும் சொன்னவ. அப்பதான் கணக்குப் பாத்தன்."

"அம்மாவுக்கு என்ன சொன்னனீர்?"

"கிழக்கு எண்டு சொன்னன். பாவம், சந்தோசப்பட்டா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"தெரிஞ்சிட்டுதெண்டால் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அங்கே ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீங்கள் என்னட்ட, 'நீர் ஏன் வரேல்லை' எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். கேப்பியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும் படம் அனுப்பினன். கோடு ஏன் இப்பிடிப் போகுது, பசை காய எவ்வளவு நேரம், நீர் சாப்பிட்டனீரோ, ஏதாவது ஒண்டு. இருபது நாள்."

"நீர் கோவமா இருக்கிறீர் எண்டு நினைச்சன்."

"கோவம்தான். பாலுக்கில்லை."

அவன் மௌனத்துக்குப் பழகியவன். வழக்கமாக அதற்குள் வசதியாக உட்கார்ந்துவிடுவான். இன்றைக்கு அது வசதியாக இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றி அவள் கேட்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தான் பேசாவிட்டால் அவளுடைய வெள்ளிக்கிழமை வரும், கையெழுத்து விழும், அவ்வளவுதான். நல்ல பதில் ஒன்றைத் தேடினான். கிடைக்கவில்லை. கிடைக்காமலே பேசத் தொடங்கினான்.

"அந்தக் கடுதாசி பாத்தனான்."

"ம்."

"உம்மட விருப்பம் எண்டு இந்தமுறை சொல்லமாட்டன். எனக்கு விருப்பமில்லை. மூண்டு வருசம் எனக்கு ஏலாது. நீர் இல்லாமல் இந்த வீடு எனக்கு ஒத்துவரேல்லை. அங்க வரவும் பயம். வந்து நான் என்ன செய்யிறது? உமக்குப் பின்னால பை தூக்கிக்கொண்டு திரியிறதோ எண்டெல்லாம் யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன். போன வருசமே சொல்லியிருக்க வேணும். சொன்னால் உம்மட வேலையைக் கெடுத்தவன் ஆகிப்போவன் எண்டு சொல்லேல்லை."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தான். அறுபடவில்லை.

"லோஜனா?"

"நிக்கிறன்." மூக்கை உறிஞ்சினாள். "கலியாணம் கட்டி ஆறு வருசத்தில நீங்கள் ஒரே மூச்சில சொன்ன பெரிய கதை இதுதான்."

"பகிடி பண்ணாதையும்."

"பகிடி இல்லை. எனக்கும் இந்த வீட்டில தனிய இருக்கப் பயமாக்கிடக்கு. வேலை எனக்கு விருப்பம், பொய் சொல்லமாட்டன். அதுக்காக மூண்டு வருசமும் விருப்பமெண்டில்லை. ஒரு வருசத்துக்குத் தாருங்கோ எண்டு நாளைக்குக் கேக்கப்போறன். தராட்டில் வெளிக்கிட்டு வந்திடுவன். தந்தால் நீங்கள் மூண்டு மாதம் இஞ்ச வந்து நிக்கவேணும். பை தூக்கவேண்டாம். சும்மா நில்லுங்கோ. பாத்திட்டு, பிறகு ரெண்டுபேரும் சேந்து யோசிப்பம்."

"மூண்டு மாதம் லீவு தருவாங்களோ தெரியாது."

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"கேளுங்கோவன்."

"இண்டைக்கே கேக்கிறன்," என்றான். சொன்ன பிறகு அது அவ்வளவு கடினமாக இல்லை.

தண்ணீர் வாங்கின் கால்வரைக்கும் வந்திருந்தது. மதிய இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. கையிலிருந்த போன் செல்வராஜின் செய்தி ஒன்றால் அதிர்ந்தது. கௌசிகன் எழவில்லை. இந்தப் பதினாலு மாதத்தில் அவளுடைய வேலையைப் பற்றி, வரைபடத்தைப் பற்றி, சரிவைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறான். அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டதில்லை. அந்த வீட்டில் எத்தனை அறை என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"இப்ப நீர் எங்க இருக்கிறீர்?"

"குசினிக்குள்ள."

"குசினி எந்தப் பக்கம் பாத்தது?"

"ஆத்துப் பக்கம். வீடு மேட்டில எல்லோ. கதவைத் திறந்தால் படி, நாப்பத்திரண்டு படி, சாமான் தூக்கிக்கொண்டு ஏறினால் சீவன் போயிடும். கீழ ஆறு. ஆறு எண்டால் நம்பமாட்டியள், மற்றக்கரை மங்கலாத்தான் தெரியும். இப்ப மூண்டு கப்பல் நிக்குது. கடலுக்க போறதுக்கு ஆரோ வந்து வழிகாட்டோணுமாம், அதுவரைக்கும் இப்பிடியே நிக்குங்கள். ரெண்டு நாளா ஒரு சிவப்புக் கப்பல் அசையாமல்…"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் இடையில் ஒரு கேள்வி கேட்டான். பிறகு இன்னொன்று.